வெள்ளம் வடிந்த மறுநாள் எந்த வரிசையில் நிற்பது?

தண்ணீர் வடிந்த வீட்டின் கதவு அவ்வளவு லேசில் திறக்காது. உள்ளே ஃபிரிட்ஜ் மிதந்து வந்து கதவுக்குக் குறுக்கே மல்லாந்து கிடக்கும். தோளால் முட்டித் தள்ளிக்கொண்டு போனால் கணுக்கால் அளவு சேறு. அதில் பாதி சாக்கடை. பீரோவின் கீழ்த்தட்டு ஊறி உப்பிப்போய், இழுத்தால் கையோடு வரும். சுவரைச் சுற்றி, மட்டம் பார்த்துப் பட்டை தீட்டியதுபோல ஒரு பழுப்புக் கோடு.

அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளாட்சியின் அறிவிப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உதவித்தொகைக்கு ஓரிடத்தில் பதிவு, போர்வையும் பாத்திரமும் வேறோரிடத்தில், சேதத்தைக் கணக்கெடுக்க ஆள் வருவார்கள் வீட்டில் இருங்கள், தங்க இடமில்லாதவர்கள் முகாமுக்குப் போகலாம், குப்பையை ரோட்டோரம் வையுங்கள், வரித் தள்ளுபடிக்குத் தனி விண்ணப்பம். எல்லாமே வேண்டியதுதான். ஆனால் வீட்டில் தெம்போடு நடமாடக்கூடியவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஒருவர் சேற்றை வாரினால் இன்னொருவர்தான் வரிசையில் நிற்க வேண்டும். எந்த வரிசையில்?

வெள்ளம் புகுந்த வீட்டைக் கழுவியும், வரிசைகளில் நின்றும் பார்த்த பிறகு நான் வைத்திருக்கும் கணக்கு இது. கையில் காசிருந்தால் நாமே வாங்கிக்கொள்ளக்கூடியதைப் பிறகு கேட்கலாம். எவ்வளவு காசிருந்தாலும் ஒரு தனி வீடு தானாகச் செய்துகொள்ள முடியாததை முதலில் கேட்க வேண்டும். போர்வையை எப்படியாவது வாங்கிவிடுவேன். "இந்த வீட்டில் இவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது" என்று முத்திரை போட்ட தாளை எந்தக் கடையிலும் விற்பதில்லை. தெருவில் அடைபட்ட சாக்கடையை நான் ஒருவன் எடுத்துவிட முடியாது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒவ்வோர் உதவியையும் மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கழுவுவதா, காத்திருப்பதா?

முதல் சண்டை வீட்டுக்குள்ளேயே நடக்கும். "நாற்றம் தாங்கவில்லை, இப்போதே கழுவிவிடலாம்" என்பார் ஒருவர். "கணக்கெடுக்க வருகிறவர்கள் பார்க்கட்டும். கழுவிவிட்டால் எதைக் காட்டுவது?" என்பார் இன்னொருவர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் அங்கே பூஞ்சை பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுச் சுகாதாரத் துறையினர் சொல்லும் கணக்கு. மெத்தை, பிளைவுட், துணி உறை போட்ட சோபா எல்லாம் அந்த இரண்டு நாளில் கைவிட்டுப் போகும். கணக்கெடுப்பவர் பத்து நாள் கழித்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்காகக் காத்திருந்த நாட்களிலேயே சேதம் இன்னொரு மடங்கு வளர்ந்திருக்கும். வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் காத்திருப்பது என்ற பேச்சே கிடையாது. மறுபக்கம், சுவரை வெள்ளையாகத் தேய்த்துவிட்டு, நனைந்ததையெல்லாம் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, "இடுப்பு வரை தண்ணீர் வந்தது சார்" என்று வாயால் சொன்னால், எழுதுகிறவர் தன் கண்ணில் பட்டதைத்தான் எழுதுவார்.

இதில் ஜப்பானின் ஏற்பாடு தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அங்கே நகராட்சியோ ஊராட்சியோ வீட்டைப் பார்த்து 'ரிசாய் ஷோமெய்ஷோ' என்ற சேதச் சான்று தரும். 2013இல் பேரிடர்ச் சட்டத்தைத் திருத்தி, கேட்டவர்களுக்குத் தாமதமில்லாமல் அதைத் தருவது உள்ளாட்சியின் கடமை என்று எழுதிவைத்தார்கள். வீடு எவ்வளவு கெட்டுப்போனது என்று படிநிலை போட்டிருக்கும்; பாதியோ அதற்கு மேலோ போயிருந்தால் முழுச்சேதம். மற்ற உதவிகளுக்கெல்லாம் அந்தத் தாள்தான் சாவி. வீட்டை மறுபடி கட்டவோ வாங்கவோ செய்யும் முழுச்சேதக் குடும்பத்துக்கு 30 லட்சம் யென் வரை வாழ்வாதார மீட்புத்தொகை கிடைக்கும். கீழ்ப்படியில் எழுதப்பட்டால் அது சரசரவென்று குறையும்.

வெள்ளத்தில் எல்லா வீட்டையும் உள்ளே புகுந்து அளந்துகொண்டிருந்தால் மாதக்கணக்காகும். அதனால் ஆற்று நீர் வேகமாகப் புகுந்த தனி மரவீடுகளுக்கு ஒரு சுருக்குவழி வைத்திருக்கிறார்கள். வீட்டின் உள்தளத்துக்கு மேல் 1.8 மீட்டரோ அதற்கு மேலோ நீர்க்கோடு இருந்தால் முழுச்சேதம். ஒரு மீட்டரிலிருந்து 1.8 மீட்டருக்குள் இருந்தால் அதற்கு அடுத்த படி. சுவரில் இருக்கும் அந்தப் பழுப்புக் கோடுதான் பணம். அதைத் தேய்த்துக் கழுவுகிற துடைப்பம் எவ்வளவு விலை உயர்ந்தது என்று பாருங்கள்.

ஆக, என் தீர்ப்பு: கழுவுங்கள், ஆனால் முதல் அரைமணி நேரத்தைப் படமெடுக்கக் கொடுங்கள். வீட்டை வெளியிலிருந்து நாலு பக்கமும் எடுங்கள். உள்ளே ஒவ்வோர் அறையிலும் கோட்டுக்கு நேராக அளவு டேப்பை நிறுத்தி, எண் தெரிய ஒரு படம், பிறகு தள்ளிநின்று அறை முழுதும் தெரிய ஒரு படம். கிட்டத்தில் எடுத்த படத்தில் அது எந்த அறை என்று தெரியாது, தூரத்தில் எடுத்ததில் எண் தெரியாது. அதனால் இரண்டும் வேண்டும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண் தகட்டையும் எடுத்துவிடுங்கள். நம்மில் பலரும் அழுகிப்போன அரிசி மூட்டையை ஆறு படம் எடுப்போம், சுவரை மறந்துவிடுவோம். படமெடுத்த கையோடு கணக்கெடுப்புப் பட்டியலில் பெயரைச் சேர்க்க ஒருவர் கிளம்பிவிட வேண்டும். முதல் நாள் நிற்க வேண்டிய வரிசை அதுதான்.

சேதம் பெரிதாக எழுதப்பட்டால் எப்போதும் லாபம் என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஊர்களில் ஐம்பது சதவீத விதி என்று ஒன்று உண்டு. பழுதுபார்க்கும் செலவு, வீடு கெடுவதற்கு முன் இருந்த சந்தை மதிப்பில் (நிலத்தைச் சேர்க்காமல்) பாதியைத் தொட்டுவிட்டால், அந்த வீட்டை இன்றைய வெள்ள விதிப்படிதான் திரும்பக் கட்டவேண்டும். அதாவது பெரும்பாலும் வீட்டையே தூக்கி உயரத்தில் நிறுத்த வேண்டும். அதைத் தீர்மானிப்பது உள்ளூர் அதிகாரி. 49 என்று எழுதினால் சுவரைப் பூசி வண்ணமடித்துக் குடிபோகலாம். 51 என்று எழுதினால் அஸ்திவாரத்திலிருந்து வேலை. வெள்ளக் காப்பீடு இருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் வேலைக்கு 30,000 டாலர் வரை தனியாகக் கிடைக்கும். இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம். தாளில் எந்த எண் ஏறினால் எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. பிடிக்கவில்லையென்றால் மறு ஆய்வு கேட்கலாமா என்பதையும். ஜப்பானில் கேட்கலாம்.

பணமா, பொருளா?

பொருளாகக் கொடுப்பதில் கொடுப்பவருக்கு ஒரு நிம்மதி. லாரியில் ஏற்றிய போர்வை போர்வையாகவே போய்ச் சேரும், வேறெதற்கும் செலவாகாது. வாங்குகிறவருக்கு அந்த நிம்மதி கிடைப்பதில்லை. மூன்று போர்வையும் இரண்டு வாளியும் கையில் இருக்கும். அவருக்கு அன்றைக்குத் தேவை மூக்குக் கண்ணாடி. அல்லது மகனின் பாடப்புத்தகம், அல்லது இன்னோர் ஊரிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போக பஸ் காசு. ஒவ்வொரு வீட்டிலும் வெள்ளம் வேறு வேறு பொருளைக் கொண்டுபோயிருக்கிறது. அதை அந்த வீட்டுக்காரரைவிடச் சரியாக யார் கணக்கிட முடியும்?

அதனால்தான் பல நாடுகளில் முதல் உதவி சின்னப் பணமாகவே போகிறது. 2021 ஜூலையில் ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் ஆர் பள்ளத்தாக்கும் சுற்றுவட்டாரமும் மூழ்கியபோது, ஒரு வீட்டுக்கு 1,500 யூரோவும், கூட இருக்கும் ஒவ்வொருவருக்கும் 500 யூரோவுமாக, 3,500 வரை உடனடித் தொகை கொடுத்தார்கள். பிரேசிலின் ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தில் 2024 மே மாத வெள்ளத்துக்குப் பிறகு ஒரு குடும்பத்துக்கு ஒரேமுறையாக 5,100 ரியால். அங்கே பணம் மத்திய அரசுடையது. ஆனால் எந்தக் குடும்பம் பாதிக்கப்பட்டது என்ற பட்டியலை ஏற்றும் வேலை நகராட்சியுடையது. பட்டியலில் பெயர் ஏறாதவருக்கு மேலே எவ்வளவு பணம் இருந்தும் கைக்கு வராது. பணம் யாருடையதாக இருந்தாலும் பெயரை எழுதும் பேனா பெரும்பாலும் உள்ளாட்சியின் கையில்தான் இருக்கிறது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் 2023 அக்டோபரில் பாபெட் புயலுக்கும் 2024 ஜனவரியில் ஹென்க் புயலுக்கும் பிறகு, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்கு உள்ளூர் மன்றங்கள் வழியாக 500 பவுண்டு கொடுத்தார்கள். குறைந்தது மூன்று மாதத்துக்கு உள்ளாட்சி வரி முழுத் தள்ளுபடி. இந்த வரித் தள்ளுபடியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்; ஆனால் அதற்கு அவசரமும் இல்லை. வரி ரசீது அடுத்த மாதமும் வரும், தள்ளுபடியும் அப்போது கேட்கலாம். சேறு அதுவரை காத்திருக்காது. இந்தத் திட்டத்தில் என்னை உறுத்துவது இன்னொன்று: ஒரு மன்றத்தின் எல்லைக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட கட்டடங்களில் தண்ணீர் புகுந்திருந்தால்தான் அது செல்லுபடியானது. நாற்பது வீடு மூழ்கிய ஊரில் நாற்பதாவது வீட்டுக்காரர் என்ன பாவம் செய்தார்?

அப்படியென்றால் பொருளே வேண்டாமா? சில நேரம் பொருள்தான் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் கடையே திறக்காத முதல் சில நாட்களில் பணத்தாள் வெறும் தாள். குடிநீர், சமைத்த சாப்பாடு, மாத விலக்குத் துணி, குழந்தைக்கான பால்மாவு, சர்க்கரை நோயாளியின் இன்சுலின் ஆகியவை பொருளாகத்தான் வர வேண்டும். அப்புறம் இன்னொரு வகை: ஊரே ஒரே நேரத்தில் தேடும் கருவிகள். மோட்டார் பம்ப், ஈரம் உறிஞ்சும் இயந்திரம், நீண்ட வயர், ரப்பர் பூட்ஸ். ஒவ்வொரு வீடும் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினால் விலைதான் ஏறும். உள்ளாட்சி நாற்பது பம்புகளை வாங்கித் தெருவுக்கு ஒன்றாக முறைவைத்துச் சுற்றவிட்டால் அதே பணம் இரண்டு மடங்கு வேலை செய்யும். பம்ப் கிடைத்த சந்தோஷத்தில் நிலவறையை ஒரே மூச்சில் இறைத்துவிடக் கூடாது. வெளியே மண் இன்னும் ஊறிக்கிடக்கும். உள்ளே காலியானால் அந்த அழுத்தத்தில் சுவர் உள்வாங்கும். நாளுக்கு இரண்டு மூன்று அடியாக இறக்குவது வழக்கம். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலை ஒட்டியோ வைத்து ஓட்டுவது வெள்ளத்தில் தப்பியவர்களைப் புகையில் கொல்லும்.

பணம் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கத்ரினா புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் லூசியானா மாநிலம் நடத்திய 'ரோட் ஹோம்' திட்டத்தில், வீட்டின் முந்தைய சந்தை மதிப்பு, திரும்பக் கட்டும் செலவு இரண்டில் எது குறைவோ அதை வைத்து உதவித்தொகை போட்டார்கள். ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம். ஆனால் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் தெருவில் சந்தை மதிப்பு குறைவு, அதனால் உதவியும் குறைவு. செங்கல்லும் சிமெண்டும் அந்தத் தெருவுக்குத் தள்ளுபடி விலையில் வருமா என்ன? வழக்கு நடந்து 2011இல்தான் சமரசமானது. சந்தை மதிப்பை வைத்துக் கொடுக்கும் உதவியையும் பழுதுச் செலவை வைத்துக் கொடுக்கும் உதவியையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

குப்பை வண்டிக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

உள்ளாட்சியின் உதவிகளிலேயே கொஞ்சமும் பெருமை இல்லாதது குப்பை அள்ளுவது. யாரும் அதை மேடை போட்டு வழங்குவதில்லை. என்னைக் கேட்டால் முதல் இரண்டு வாரத்தில் அதற்கு ஈடான உதவி வேறில்லை.

ஒரு தெருவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாசலிலும் ஊறிய மெத்தை, பெயர்த்தெடுத்த பலகை, சேறு அப்பிய துணி மூட்டை. மெத்தை நனைந்தால் இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியாத கனம். மூன்றாம் நாள் அதில் ஈ மொய்க்கும், ஐந்தாம் நாள் எலி வரும். வண்டி வராத தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் தன் குப்பையை நம் வாசலோரம் தள்ளுவார், நாம் அவரைத் திட்டுவோம், அதோடு பத்து வருட உறவு போகும். வழி அடைபட்டால் ஆம்புலன்சும் வராது, குடிநீர் லாரியும் வராது. பணம் கையில் இருந்தும் பழுதுபார்க்கும் மேஸ்திரியின் வண்டி உள்ளே நுழைய முடியாது. 2018 ஜூலையில் மேற்கு ஜப்பான் மழையில் குராஷிக்கி நகரின் மாபி பகுதி மூழ்கியபோது வெள்ளக் குப்பை சாலையோரமெல்லாம் சுவர்போலக் குவிந்தது.

இங்கேயும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். வாசலில் வைத்தால் வண்டி வந்து எடுத்துப்போவது ஒன்று; ஊருக்குப் பொதுவாக ஒரு திடலை ஒதுக்கி, மக்களே கொண்டுவந்து வகைபிரித்துக் கொட்டுவது இன்னொன்று. திடல் முறையில் தெரு சீக்கிரம் சுத்தமாகும், பிரித்த குப்பையை அப்புறப்படுத்துவதும் சுலபம். ஆனால் வண்டி இல்லாதவர், முதியவர், தனியாக வாழும் பெண் என்ன செய்வார்? வாசல் முறை அவர்களுக்கு நல்லது. ஆனால் எல்லாம் கலந்து குவிந்து நாளாகும். அமெரிக்க ஊர்களில் பெரும்பாலும் பொதுச் சாலையை ஒட்டி வைத்ததை மட்டும்தான் எடுப்பார்கள்; காம்பவுண்டுக்குள் கிடப்பது நம் பாடு. மரக்கிளை தனி, கட்டட இடிபாடு தனி, ஃபிரிட்ஜ் வகையறா தனி, பெயின்ட் டப்பாவும் பேட்டரியும் தனி என்று குவித்து வைக்கச் சொல்வார்கள். என் ஓட்டு வாசல் முறைக்குத்தான். உடம்பு முடிந்தவர்கள் எந்த முறையிலும் சமாளித்துவிடுவார்கள்.

தூக்குவதற்கு ஆள் பலம் வேண்டும் என்பது உண்மை. 2011 ஜனவரியில் பிரிஸ்பேன் மூழ்கி எழுந்தபோது மாநகர மன்றம் தன்னார்வலர்களை ஓரிடத்தில் பதிவுசெய்து, பஸ்ஸில் ஏற்றித் தேவையான தெருக்களில் இறக்கியது. மண்வெட்டியோடு ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். 'சேற்றுப் படை' என்று பெயரே வந்துவிட்டது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் உள்ளாட்சிகள், குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள், தன்னார்வலர்கள் சேர்ந்து வீடு வீடாகக் கழுவினார்கள், கிணறுகளுக்குக் குளோரின் போட்டார்கள். தன்னார்வலர் தானாக வரட்டும் என்று விட்டால் டிவியில் காட்டிய தெருவில் நூறு பேர் நிற்பார்கள், அடுத்த தெருவில் ஒருவரும் இருக்க மாட்டார். பஸ்ஸில் ஏற்றி இன்ன இடம் என்று இறக்கும் வேலையை உள்ளாட்சியால் மட்டும்தான் செய்ய முடியும்.

கிணறும் செப்டிக் டேங்கும் இதே கணக்கில் சேரும். என் கிணற்றை நான் சுத்தம் செய்துவிடலாம். ஆனால் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் உடைந்து கசிந்துகொண்டிருந்தால் என் குளோரின் எத்தனை நாளைக்கு? தண்ணீரைப் பரிசோதித்து, குடிக்கலாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்தச் சொல் வரும்வரை கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டியதுதான்.

முகாமா, வாடகை வீடா, மாடியிலேயேவா?

முதல் சில இரவுகளுக்கு முகாமில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு, மருத்துவர், அறிவிப்பு எல்லாம் அங்கேதான் முதலில் வரும். அதற்கு மேல் நீண்டால் முகாம் மனிதரைக் கரைத்துவிடும். மாற்றிக்கொள்ளத் தனியிடம் இல்லை, பிள்ளைகள் படிக்க இடம் இல்லை, கழிப்பறைக்கு எப்போதும் வரிசை.

வாடகைத் தொகை வாங்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போவது மரியாதையான ஏற்பாடு. வெறும் திடலில் தகரக் கொட்டகை கட்டுவதைவிடச் சீக்கிரமும் ஆகும். 2011 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஜப்பானில் புதிதாகக் கட்டிய தற்காலிக வீடுகளைவிட, அரசு வாடகை கொடுத்த சாதாரண வீடுகளில் குடியேறியவர்களே அதிகம். ஆனால் வாடகை வீட்டுக்குப் போனவர் சிதறிப்போகிறார். கொட்டகை வரிசையில் இருப்பவருக்கு அறிவிப்பு காதில் விழும், பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி "இன்றைக்குப் பதிவு கடைசி நாளாம்" என்பார். இன்னோர் ஊரில் மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு யார் சொல்வார்கள்? போவதானால் புதிய விலாசத்தையும் போன் எண்ணையும் பழைய ஊர் உள்ளாட்சியில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று எதையும் தற்காலிக வீடாக ஏற்பதும் ஆபத்து. கத்ரினாவுக்குப் பிறகு அமெரிக்க மத்திய அரசு கொடுத்த டிரெய்லர் வீடுகளில் மூச்சைப் பாதிக்கும் ஃபார்மால்டிஹைட் வாயு அளவுக்கு மேல் இருந்தது பின்னால் பரிசோதனையில் தெரிந்தது.

மாடி இருப்பவர்கள் பெரும்பாலும் மாடியிலேயே தங்கிவிடுவார்கள். பொருளுக்குக் காவல், வேலைக்கும் மேற்பார்வை. கீழே பூஞ்சை காற்றில் ஏறிவரும் என்பதையும், நனைந்த வயரிங்கை மின்பணியாளர் பார்த்துச் சொல்லாமல் மெயினைப் போடக் கூடாது என்பதையும் மறக்காமல் இருந்தால் சரி.

ஒன்றை எடுத்தால் இன்னொன்று போகுமா என்று கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். ஜப்பானில் நகராட்சியே ஆள் வைத்துச் செய்துதரும் அவசரப் பழுதுபார்ப்பை எடுத்துக்கொண்டவர் முன்பெல்லாம் தற்காலிக வீட்டுக்குத் தகுதி இழந்துவிடுவார். பழுதுபார்க்கும் வீட்டிலேயே எப்படிப் படுப்பது என்ற கேள்விக்குப் பதிலே இல்லாமல் இருந்தது. 2020 ஜூலை வெள்ளத்தின்போதுதான் வேலை முடியும்வரை, ஆறு மாதத்துக்குள், இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். இன்னொரு கண்ணி: அந்தப் பழுதுபார்ப்பில் நகராட்சி ஒப்பந்தக்காரருக்கு நேரடியாகப் பணம் கட்டும். அவசரப்பட்டு நாமே பணம் கட்டிவிட்டால் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது.

திரும்பக் கட்டுவதா, விட்டுப் போவதா?

இந்தக் கேள்வியை முதல் மாதத்தில் யாரும் கேட்க விரும்புவதில்லை. ஆனால் சுவருக்குப் பூச்சு வேலை தொடங்கிய பிறகு கேட்டால் பாதிப் பணம் அதற்குள் சுவரில் இருக்கும்.

சின்னதாகச் செய்யக்கூடியதிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தில் மேலே சொன்ன வெள்ளங்களுக்குப் பிறகு, பழுதுபார்க்கும்போதே அடுத்த வெள்ளத்தைத் தாங்கும்படி மாற்ற 5,000 பவுண்டு வரை தனி மானியம் கொடுத்தார்கள். மின்புள்ளிகளை இடுப்புக்கு மேல் ஏற்றுவது, கழிவுக்குழாயில் தண்ணீர் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வு, வெள்ளத்தடுப்புக் கதவு போன்றவை. முழங்கால் அளவு தண்ணீர் எப்போதாவது வரும் வீட்டுக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான செலவு இல்லை. கழுத்தளவு வரும் வீட்டுக்கு இது கண்துடைப்பு.

வீட்டை உள்ளாட்சியே விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அமெரிக்காவில் பல ஊர்களில் உண்டு. மத்திய அரசுப் பணம் வந்தால் அந்த நிலத்தில் மறுபடி யாரும் கட்டக் கூடாது, நிரந்தரமாகத் திறந்தவெளி. நல்ல விதிதான். ஆனால் மத்தியப் பணம் வந்து, தாள் நகர்ந்து, கிரயம் முடிய ஐந்து ஆண்டுகள்கூட ஆகிவிடுகிறது. அதுவரை அந்தக் குடும்பம் எங்கே? பழுதுபார்த்தால் காசு வீண், பார்க்காவிட்டால் வாழ முடியாது. வட கரோலினாவின் ஷார்லட் நகரமும் மெக்லன்பர்க் கவுண்டியும் இதற்கு வேறு வழி கண்டார்கள். மழைநீர் வடிகாலுக்கென்று தாங்களே வசூலிக்கும் கட்டணத்திலிருந்து பணம் எடுத்து, வெள்ளம் வந்த கையோடு, வீட்டுக்காரர் பழுதுபார்க்கத் தொடங்கும் முன்பே வாங்கிவிடுகிறார்கள். 1999இலிருந்து மொத்தம் 400க்கும் மேற்பட்ட கட்டடங்களை எடுத்திருக்கிறார்கள். மேலிடப் பணம் பெரிது, உள்ளூர்ப் பணம் சீக்கிரம். வாசலில் நிற்கிற குடும்பத்துக்குச் சீக்கிரம்தான் பெரிது.

தனியாக விற்றுவிட்டுப் போவதற்கும் ஊரோடு சேர்ந்து போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கிரான்தம் என்ற சின்ன ஊரை 2011 ஜனவரி 10 அன்று வெள்ளம் அடித்துப்போனது. 12 பேர் இறந்தார்கள். லாக்கியர் வேலி வட்டார மன்றம் பக்கத்து மேட்டில் 935 ஏக்கர் வாங்கி, பள்ளத்தில் இருக்கும் மனையைக் கொடுத்துவிட்டு மேட்டில் அதே அளவு மனையை எடுத்துக்கொள்ளலாம் என்றது. கட்டாயம் இல்லை. யாருக்கு எந்த மனை என்று குலுக்கல் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பருக்குள் முதல் குடும்பங்கள் புது வீட்டில் குடியேறிவிட்டன. பதினோரு மாதம்! மனைதான் மாற்றம்; வீடு கட்டும் செலவு அவரவருடையது. காப்பீடு கைகொடுத்தவர்கள் சுலபமாக ஏறினார்கள், கைகொடுக்காதவர்களுக்கு அந்தச் சின்ன மேடே மலையாகத் தெரிந்திருக்கும். இருந்தாலும் அதே அண்டை வீட்டார், அதே பள்ளிக்கூடம், அதே ரயில் பாதை கண்ணெதிரே. விற்றுவிட்டுப் போகிறவருக்கு இது கிடைக்காது. உங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு வீடாவது போகும் எண்ணத்தில் இருந்தால், தனித்தனியாக விண்ணப்பிக்காமல் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

இவ்வளவும் வீட்டுக்குச் சொந்தக்காரரை மனதில் வைத்துத்தான் பேசப்படுகிறது. வாடகைக்கு இருப்பவரின் மெத்தையும் பாத்திரமும் பிள்ளையின் புத்தகமும் அதே தண்ணீரில்தான் நனைந்தன. கணக்கெடுக்க வருகிறவர் சுவரையும் தரையையும் பார்த்துச் சொந்தக்காரர் பெயரை எழுதிக்கொண்டு போய்விடுவார். சொந்தக்காரர் வெளியூரில் இருந்துகொண்டு உதவித்தொகை வாங்குவதும், உள்ளே குடியிருந்தவர் பட்டியலிலேயே இல்லாமல் போவதும் நடக்கிற கதைதான். வாடகைக்கு இருந்தால் கணக்கெடுப்பு நாளில் யாராவது ஒருவர் கட்டாயம் வீட்டில் இருங்கள். வாடகை ஒப்பந்தம் நனைந்து கூழாகியிருந்தால் அந்த விலாசத்துக்கு வந்த மின்கட்டண ரசீதோ பள்ளிக்கூடத் தாளோ போனில் படமாகவாவது இருக்கட்டும். தாளில் குடியிருப்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறதா என்று அவர் கிளம்புவதற்கு முன் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.